மூச்சா, முக்கலா?

கேள்வி: எனக்கு 34ஆம் வாரம் நடக்கிறது, தலைப்பிரசவம். மூச்சுப் பயிற்சி செய்தால் வலியே தெரியாது என்கிறாள் என் தோழி. தம் கட்டி முக்கினால்தான் பிள்ளை வெளியே வரும் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: வலியே தெரியாது என்று நம்பிப் பிரசவ அறைக்குள் போகாதீர்கள். பயத்தில் உடல் இறுகி, அந்த இறுக்கத்தால் வலி இன்னும் கடுமையாகத் தெரிவதைத்தான் மூச்சுப் பயிற்சி குறைக்கிறது. 1950களில் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபெர்னான் லாமாஸ் பரப்பிய முறையில் வேகமான மூச்சுகளும் இருந்தன; இன்று நிதானமான மூச்சுக்கே முதலிடம்.

பிரசவ வலி விட்டுவிட்டுத்தான் வரும். வலுத்த பிறகும் ஒவ்வொரு வலியும் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தணிந்துவிடும். வலி எழும்போதே மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக, உதடுகளைத் தளர்த்தி வாயால் விடுங்கள். விடும்போது தோளும் தாடையும் இளகுகின்றனவா என்று கவனியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சால் பயன் குறைவு. விரல் நுனியும் உதட்டோரமும் மதமதத்துத் தலை சுற்றினால் நீங்கள் வேகமாக மூச்சு வாங்குகிறீர்கள் என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள். வலி விட்ட இடைவெளியில் பயிற்சி எதுவும் வேண்டாம், ஓய்வெடுங்கள்.

மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முக்கத்தான் வேண்டும், ஆனால் கர்ப்பப்பை வாய் முழுதாக, அதாவது சுமார் 10 செ.மீ. திறந்த பிறகு. அப்போதும் நெடுநேரம் தம் கட்டத் தேவையில்லை. முக்கும் உந்துதல் தானாக எழும்போது அதன்படி முக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. (முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் உந்துதல் மங்கலாகத் தெரியலாம், மருத்துவர் சொல்லும்போது முக்குங்கள்.) தலை வெளியே தெரிந்ததும் முக்குவதை நிறுத்தச் சொல்வார்கள், அப்போது வாயைத் திறந்து, சிறு சிறு மூச்சாக விட்டால் தலை மெதுவாக வெளிவந்து, கிழிசல் குறைய வாய்ப்புண்டு.

தினமும் சில நிமிடங்கள், உடன் வரப்போகும் துணையோடு சேர்ந்து பழகுங்கள். வலியில் நீங்கள் மறந்தாலும் அவர் நினைவூட்டுவார். 37 வாரம் முடியும் முன் வலி சீராக விட்டுவிட்டு வந்தாலோ, எந்த வாரமானாலும் நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ பயிற்சி செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.