பல்கலைக்கழக மாணவர்கள் ஃபாஸ்ட் ஃபுட்டுக்கு ஏன் இவ்வளவு செலவழிக்கிறார்கள்? எப்படிக் குறைப்பது?

ருசிக்காகத்தான் என்று சொல்லிவிடுவது சுலபம். விடுதி வாழ்க்கையில் நான் பார்த்தவரை, எந்த நேரத்தில் வாங்குகிறோம், யாரோடு வாங்குகிறோம் என்பதுதான் பில்லை ஏற்றுகிறது.

முதலில் நேரம். இரவுச் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும். அசைன்மென்ட் நள்ளிரவு தாண்டியும் முடியாது. பசிக்கும்போது திறந்திருப்பது செல்போன் மட்டும்தான். தூக்கம் கெட்டால் பசி கூடுவதும் மனப்பிரமை இல்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். 10 மணி நேரம் படுக்கையில் இருந்த நாட்களோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது. இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகம் வந்ததாம். பரீட்சை வாரத்தில் யாரும் சாலட் கேட்காததன் காரணம் புரிகிறதா!

அடுத்தது ஆப். ஒரு பர்கர் போதும் என்று திறப்போம். டெலிவரி கட்டணம், பேக்கிங் கட்டணம் எல்லாம் வந்து நிற்கும். 'இன்னும் கொஞ்சம் வாங்கினால் டெலிவரி இலவசம்' என்றதும், அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அதைவிட விலை கூடிய ஃப்ரைஸைச் சேர்ப்போம். கார்டு விவரமும் ஏற்கெனவே பதிவாகியிருப்பதால், நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் உறுத்தல்கூட வராது.

கூட்டமாக வாங்கும்போது கதையே வேறு. யூரி க்னீஸி உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் இஸ்ரேலில் ஓர் உணவகத்தில் ஆறு ஆறு பேராக உட்காரவைத்துச் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டியபோது சராசரிச் செலவு சுமார் 37 ஷெக்கல். சமமாகப் பிரித்தபோது சுமார் 51. நான் கூடுதலாகக் கேட்பதில் என் பங்கு ஆறில் ஒன்றுதானே என்று ஆறு பேரும் நினைத்தால் வேறென்ன ஆகும்?

'சமைத்துச் சாப்பிடு' என்பவர்கள் அடுப்பே இல்லாத அறையில் ஒரு செமஸ்டர் இருந்து பார்க்கட்டும். எனக்குப் பலித்தவை வேறு. ஆப்பிலிருந்து கார்டை நீக்கினேன்; ஒவ்வொரு முறையும் எண்களை அடிக்கும் சோம்பலிலேயே பல ஆர்டர்கள் நின்றுபோயின. பழம், ரொட்டி, கடலை ஏதாவது அறையில் எப்போதும் இருக்கும். குழுவாக வாங்கினால் யார் எதைச் சாப்பிட்டார்களோ அதற்கு அவர்கள் காசு. முதலில் கஞ்சன் என்று கிண்டலடித்தார்கள். குறைவாகச் சாப்பிடும் இருவர் மட்டும் உடனே என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

நண்பர்களோடு போய்ச் சாப்பிடும் பீட்சாவை நிறுத்தச் சொல்லமாட்டேன். அந்தச் செலவையும், ராத்திரி தனியாக அறைக்கு வரவழைக்கும் செலவையும் ஒரு மாதம் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். என் கணக்கில் இரண்டாவது பட்டியல்தான் நீளமாக இருந்தது.