கொட்டகையில் நிற்கும் கார்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை கோயம்புத்தூரில். வயது 38. நான்கு ஆண்டுகளாக மாதிரிக் கார்கள் செய்து வருகிறேன். பெட்டியில் வருவதை அப்படியே ஒட்டி வைப்பது எனக்குப் பிடிக்காது. சக்கரத்தை மாற்றுவேன், கூரையை அறுத்துத் தாழ்த்துவேன், என் விருப்பத்துக்கு வண்ணம் அடிப்பேன். இந்த முறை எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அம்பாசடரை 1/24 அளவில், பிளாஸ்டிக் தகடு வெட்டி, முழுக்க நானே செய்தேன். அளவுகளை இணையத்தில் எடுத்தேன். அலாய் சக்கரம், அடர்நீல மெட்டாலிக். உண்மையான கார் ஊரில் கொட்டகையில் நிற்கிறது. பின்சீட்டில் கோழி முட்டையிடுகிறது. பங்காளிகள் விற்றுவிடலாம் என்கிறார்கள். இரண்டின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். ஸ்பிரே டப்பா போதுமா, ஏர்பிரஷ் வாங்க வேண்டுமா? இந்த வயதில் பொம்மைக் காரா என்று மாமனார் வீட்டில் சிரிக்கிறார்கள். இதைக் கலை என்று சொல்லலாமா?

சி.

அன்புள்ள சி.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தேடிப் போனது ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். கண்ணில் பட்டது, எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு நடுவில் கிடந்த ஒரு காரின் பக்கக் கண்ணாடி. குரோமியம் பொரிந்து, கண்ணாடி மட்டும் விரிசல் இல்லாமல் இருந்தது. எந்தக் காருடையது என்று கேட்டேன். "ஏதோ பழைய வண்டி அண்ணே, பார்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்றார் கடைக்காரர். வீட்டை இடித்தால் பர்மாத் தேக்குத் தூண் கன அடிக் கணக்கில் விலை போகிறது. நிலைக்கதவுக்குச் சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள். காருக்கு மட்டும் இரும்பு விலை. இதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் உங்கள் கோழி.

மாமனார் சிரிப்பதை விடுங்கள். மாமனார்கள் சிரிக்காத காரியம் ஏதாவது உண்டா? அமெரிக்காவில் 1930 முதல் 1968 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு உடற்கூடு செய்த ஃபிஷர் பாடி நிறுவனம் பையன்களுக்கென்று மாதிரி செய்யும் போட்டி ஒன்றை நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச் வண்டி. பின்னர் அவரவர் கற்பனையில் பிறந்த கார், 1/12 அளவில். 1947இல் அதில் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். வேண்டுமானால் இதை மாமனாரிடம் சொல்லுங்கள். கலையா இல்லையா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதில் எனக்கு அக்கறையும் இல்லை.

ஏர்பிரஷ்? வாங்குங்கள். வண்ணத்தைக் காற்றோடு சேர்த்து மெல்லிய பூச்சாகத் தூவும் பேனா அது. காரணம் உங்கள் படத்திலேயே இருக்கிறது. காரின் கதவு இடுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்றால் 1/24இல் அது 0.2 மில்லிமீட்டர்தான். ஸ்பிரே டப்பாவில் தாராளமாக மூன்று நான்கு பூச்சு அடித்தால் ஒரு பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் ஏறிவிடும். இடுக்கின் இரண்டு ஓரத்திலும் ஏறினால் இடுக்கே இல்லை. உங்கள் காரில் கதவு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஐயா ஜன்னல் வழியாகவா ஏறி இறங்கினார்? மெட்டாலிக்கின் மினுக்குத் துகளையும் 24ஆல் பெருக்கிப் பாருங்கள். கார் மேல் அரிசி ஒட்டியது போல் இருக்கிறது.

பட்டி பார்த்துத் தேய்த்திருக்கும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்புறம் டிக்கி இறங்கும் அந்த வளைவைத் தட்டையான தகட்டில் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதற்கு எத்தனை இரவு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு என் வணக்கம்.

அந்தக் கை வாய்த்திருக்கும்போது கண் எங்கே போயிற்று, தம்பி? அளவுகளை இணையத்தில் எடுத்தேன் என்கிறீர்கள். வண்டி கொட்டகையில் நிற்கிறது! கோழிக்கு இருக்கும் உரிமை உங்களுக்கு இல்லையா? கொல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை அம்பாசடர் செய்தார்கள். மார்க் 1, 2, 3, 4, பிறகு நோவா என்று முகம் மாறிக்கொண்டே வந்தது. கொட்டகைப் படத்தில் நிற்பது மார்க் 2. உங்கள் மாதிரியின் மூக்கில் இருப்பது நோவாவின் கிரில். கல்யாண ஆல்பத்தில் ஐயா முகத்தை வெட்டிவிட்டுச் சித்தப்பா முகத்தை ஒட்டிய மாதிரி.

அலாய் சக்கரம் உங்கள் விருப்பம், தாழ்த்துவதும் உங்கள் விருப்பம். கற்பனைக் கார் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதை ஐயாவின் கார் என்று எழுதாதீர்கள்.

எங்கள் அப்பா 1973இல் இரண்டாம் கையாக ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கினார். மிக்கேலோத்தி என்ற இத்தாலியர் வரைந்த வடிவம், இங்கே சென்னையில் தயாரானது. பானெட்டை மட்டும் தூக்க முடியாது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுவதும் முதலை வாய் போல முன்பக்கமாகத் திறக்கும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. விருந்தாளி வந்தால் கோயில் வாசலில் ஒரு வட்டம் போட்டுக் காட்டாமல் விடமாட்டார்.

அப்போது எங்கள் வீட்டு வளவுக் கதவைப் பழுது பார்க்க ஒரு ஆசாரி வந்துகொண்டிருந்தார். எனக்குப் பத்து வயது. மிச்சம் விழுந்த தேக்குத் துண்டில் ஒரு கார் செய்து தரும்படி கேட்டேன். தலையை ஆட்டினார். மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுக்காமல், ஒரு நூல்கண்டோடு காரைச் சுற்றி வந்தார். முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை நூலைப் பிடித்து அறுத்தார். அதை நான்கு தடவை இரண்டாக மடித்தார். பதினாறில் ஒரு பங்கு: ஒரு சாணுக்குச் சற்று மேல். மரத்தில் அந்த நீளத்தைக் குறித்துக்கொண்டார். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு நூல், கூரை உயரத்துக்கு ஒரு நூல், கண்ணாடிச் சரிவுக்கு ஒரு நூல். ஸ்கேல் எடுக்கவே இல்லை. பிறகு காருக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, ஒரு பீடி முழுவதும் தீரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆறு நாளில் கார் வந்தது. அப்பா வாங்கி மேசை மேல் வைத்தார், முகம் சுருங்கியது. "என்ன ஆசாரி, வலது பக்கம் சாய்ந்திருக்கிறதே?" ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டே, "வண்டி அப்படித்தானே நிற்கிறது" என்றார்.

அப்பா தொண்ணூற்றைந்து கிலோ. பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போவார். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் வண்டி அமுங்கிப் போயிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் அது கண்ணில் பட்டதில்லை. அப்பா வாசலுக்குப் போய், ஆசாரி உட்கார்ந்த அதே இடத்தில் குந்திப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லாமல் கூலியோடு இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.

1989இல் ஹெரால்டைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டதும் நான்தான். அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது, கொட்டகையை வாடகைக்கு விட வேண்டியிருந்தது. எடை போட்டுத்தான் பணம் கொடுத்தார்கள். பக்கக் கண்ணாடி வலது மட்கார்டில் இருந்ததா, கதவில் இருந்ததா என்று இன்று யாராவது கேட்டால் ஆசாரி செய்த மரக்காரைப் பார்த்துத்தான் சொல்வேன். மட்கார்டில். இதை எழுதும் இந்த மேசையில்தான் இருக்கிறது. ஒரு சக்கரம் போய்விட்டது. சாய்வு அப்படியே இருக்கிறது.

நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீளம் 24இல் ஒரு பங்கானால் எடை 24இல் ஒரு பங்கு ஆவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 13,824இல் ஒரு பங்கு. ஆயிரம் கிலோ வண்டி அந்தக் கணக்கில் 72 கிராம்தான். அந்த எடைக்கு எந்த ஸ்பிரிங்கும் அமுங்காது, எந்த டயரும் பிதுங்காது. மாதிரிக் கார்கள் தரையில் நிற்காமல் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றுவது இதனால்தான். வண்டியின் பாரத்தைச் செய்கிறவர்தான் கையால் கொண்டுவர வேண்டும். டயரின் அடியைக் கொஞ்சம் தட்டையாகத் தேய்க்க வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து அச்சைப் பொருத்த வேண்டும். இதை எந்த இணையத்தில் எடுப்பீர்கள்?

ஆகையால் அடுத்த லீவுக்குக் காத்திருக்க வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போங்கள். பங்காளிகள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் ஒரே நாளில் ஒத்துப்போகும் அபூர்வம் பழைய காரை விற்கும் விஷயத்தில்தான் நடக்கும். நூல்கண்டு ஒன்று, மாவுக்கட்டி, பழைய நாளிதழ், டேப் எடுத்துக்கொள்ளுங்கள். நூலை மூன்றாக மடித்து, பிறகு மூன்று தடவை இரண்டாக மடித்தால் உங்கள் 24 வந்துவிடும். டேப்பில் அளந்தால் அடிக்கு அரை அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. வளைவுகளுக்கு நாளிதழை வைத்து அழுத்தி ஓரத்தை மாவுக்கட்டியால் தேய்த்து எடுங்கள். முகப்புக் கிரில்லின் கட்டங்களை எண்ணுங்கள், படம் எடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பீடி வேண்டாம்.

வண்ணத்தை அங்கேயே முடிவு செய்யுங்கள். ஒரு அடி தூரத்தில் மாதிரியைப் பார்ப்பது, காரை 24 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்தில் நிறம் வெளிறும். அதே டப்பா பெயிண்டை அப்படியே அடித்தால் சின்னக் காரில் கனத்துத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். உங்கள் படத்தில் கூரை மட்டும் சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்து, கதவுகளில் பழைய பால்வெள்ளை மிஞ்சியிருக்கிறது. ஏர்பிரஷ் வாங்கினால் இந்த இரண்டு வெள்ளைக்கும் நடுவில்தான் அதற்கு முதல் வேலை.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். கொட்டகைப் படத்தில் இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கல் தெரிகிறது. உங்கள் மாதிரியில் அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. அப்பத்தா இருக்கிறார்களா? அது எப்படி வந்தது என்று கேட்டு எழுதுங்கள்.