கேமரா இல்லாமலும் வகுப்பு எடுக்கலாம்: ஒளிப்படம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

எங்கள் அரசுப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒளிப்படம் சொல்லித்தர மூன்று சனிக்கிழமைகள் கிடைத்திருக்கின்றன. கேமரா ஒன்றுகூட இல்லை. எங்கே தொடங்குவது? – ஆசிரியை, திண்டிவனம்

சயனோடைப்பில் தொடங்குங்கள். ரசாயனம் பூசிய தாளில் பொருளை வைத்து, வெயிலில் காட்டி, நீல நிறப் படம் எடுக்கும் முறை இது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. இருட்டறை தேவையில்லை; வெயிலும் தண்ணீரும் போதும், அதில் வெயில் நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் (பச்சை வகை என்று கேட்டு வாங்குங்கள்) 25 கிராமை 100 மி.லி. தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மி.லி.யிலும் கரைத்து, தனித்தனி அடர்நிறப் புட்டிகளில் வையுங்கள். பூசும் அன்று மட்டும் சம அளவில் கலக்க வேண்டும். இதிலிருந்து 25, அதிலிருந்து 25 மி.லி. எடுத்தால் ஏ5 அளவில் 30 தாள்களுக்குப் போதும். நீர்வண்ண ஓவியத் தாள் நல்லது; ஜெராக்ஸ் தாள் கழுவும்போது கிழியும். கலப்பதும் பூசுவதும் பெரியவர்கள் வேலை, கையுறை கட்டாயம். கழிவறை ஆசிட் போன்ற வீரியமான அமிலம் எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஃபெரிசயனைடோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

வெள்ளிக்கிழமை மாலையே மங்கலான மஞ்சள் பல்பின் கீழ் பூசி, இருட்டில் உலர்த்தி, கறுப்புப் பையில் வைத்துவிடுங்கள். முதல் சனிக்கிழமை இலை, பூ, ஜல்லடை என்று பிள்ளைகள் கொண்டுவருவதைத் தாளில் அடுக்கி, மேலே கண்ணாடி வைத்து, கிளிப் போட்டு வெயிலில் காட்டுங்கள். கண்ணாடி இல்லையென்றால் காற்றில் இலை நகர்ந்து ஓரம் மங்கிப்போகும். உச்சி வெயிலில் ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகலாம். ஆனால் கடிகாரத்தைவிட நிறத்தைப் பாருங்கள்: மஞ்சள்பச்சை நீலமாகி, பிறகு சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்குத் திரும்பும்போது எடுக்க வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால் தண்ணீரில் நீலம் கரைந்து போய்விடும். மஞ்சள் முழுவதும் நீங்கும்வரை கழுவுங்கள்.

போர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் சேருங்கள். உவர்ப்பான, காரத்தன்மையுள்ள நீர் இந்த நீலத்தை வெளுத்துவிடும். இலையின் நிழல் விழுந்த இடமும் நீலமாகவே நின்றால், பூசிய தாள் முன்பே வெளிச்சம் கண்டிருக்கிறது அல்லது சரியாகக் காயவில்லை என்று பொருள்.

இரண்டாம் வாரம் ஆசிரியரின் கைப்பேசியில் பிள்ளைகளே படம் எடுக்கட்டும். கறுப்பு வெள்ளையாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கி, ஓஹெச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சிட்டால் அதுதான் நெகட்டிவ். இலைக்குப் பதிலாக அதைப் பூசிய தாள்மேல் வைத்து வெயிலில் காட்டுங்கள். லேசர் அச்சில் கறுப்பு மெலிதாக விழும். ஒரே படத்தை இரண்டு தாளில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். மூன்றாம் வாரம் கண்காட்சி. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லாப நோக்கற்ற ஒளிப்பட மையம் என்கிறார்களே, ஸ்டுடியோக்காரர் நடத்தும் பயிற்சியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது? – வாசகர், கும்பகோணம்

வகுப்பு, கண்காட்சி, மக்களிடம் செல்லும் பணி மூன்றையும் ஒன்றோடொன்று கோத்து நடத்துவதில்தான். நியூயார்க்கில் ஒளிப்படக் கலைஞர் கார்னெல் கப்பா 1974இல் தொடங்கிய சர்வதேச ஒளிப்பட மையம், தன் கட்டடத்தில் பாடமும் கண்காட்சியும் நடத்துவதோடு, பிராங்க்ஸ் பகுதியின் ஹண்ட்ஸ் பாயிண்ட் இளைஞர்களுக்கு அவர்கள் பேட்டையிலேயே கற்பித்தது. டாக்காவில் ஒளிப்படக் கலைஞர் ஷாஹிதுல் ஆலம் 1989இல் தொடங்கிய திரிக் என்னும் ஒளிப்பட நிறுவனத்தின் வழியாக 1998இல் பாடசாலா என்னும் கல்விக்கூடம் வந்தது. அங்கு நடக்கும் சோபி மேளா ஒளிப்பட விழாவில் படங்களை ரிக்‌ஷா வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். கூடத்துக்குள் வரத் தயங்குகிறவர்களைத் தேடிக் கலை போவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சென்னையில் 2016இல் தொடங்கிய ஃபோட்டோ பினாலே என்னும் ஒளிப்பட விழா, கடற்கரை, பறக்கும் ரயில் நிலையம் என்று பொது இடங்களைத் தேர்ந்தது. 2019இல் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பில் நடந்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் களமானது.

ஒரு மையத்தை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். வகுப்பில் எடுத்த படம் சுவருக்கு வருகிறதா? அந்தக் கண்காட்சி, படம் எடுத்தவர்களின் தெருவுக்குப் போகிறதா?

ஊர் நூலகக் கூடத்தில் கண்காட்சி வைத்தோம். படங்கள் மங்கலாக இருந்தன, அட்டை வளைந்தது, சில கீழே விழுந்தன. அடுத்த முறை என்ன செய்யலாம்? – இளைஞர் மன்றத்தினர், சிவகாசி

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நீளப்பக்கம் 1600 புள்ளிகள் மட்டுமே மிஞ்சினால், 18 அங்குல அச்சில் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. 200 இருந்தால் நல்லது. படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 12×18 அச்சுக்குத் தாராளம்.

அட்டை வளைவது, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதால். ஈரக்காற்றில் இரு பக்கமும் வெவ்வேறாக விரிகின்றன. 5 மி.மீ. சன்போர்டின் (எடை குறைந்த நுரை அட்டை) பின்பக்கமும் வெற்றுத் தாள் ஒட்டினால் நேராக நிற்கும். சுண்ணாம்புச் சுவரில் இருபக்க டேப் பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. அதனால் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நைலான் கயிறு இழுத்துக் கட்டி, படத்துக்கு இரண்டு பைண்டர் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். லேமினேஷன் மேட் வகையாக இருக்கட்டும். பளபளப்பில் ட்யூப்லைட்தான் தெரியும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். பார்ப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்றால் 120க்கு இறக்குங்கள். பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். விளக்கக் குறிப்பின் எழுத்து அளவு 20 பாயின்ட்டுக்குக் குறையக்கூடாது.

பிள்ளைகள் எடுத்த படங்களை நாங்கள் நாட்காட்டியாக அச்சிடலாமா? – தொண்டு நிறுவனப் பணியாளர், நாகர்கோவில்

கேட்காமல் கூடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். எடுத்தவருக்கு வயது பத்து என்பதாலோ, கேமரா உங்களுடையது என்பதாலோ அது மாறிவிடாது. பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தமிழில் எழுதிய ஒப்புதல் வாங்குங்கள். வகுப்புக்கு, கண்காட்சிக்கு, இணையத்துக்கு, விற்பனைக்கு என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரே கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. படத்தில் இருப்பவர்களின் ஒப்புதல் இதிலிருந்து வேறு. குழந்தைகள் இல்லத்தில் வகுப்பு நடத்துகிறீர்கள் என்றால் அங்குள்ள பிள்ளைகளை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடவே கூடாது, சட்டம் தடுக்கிறது. கை, நிழல், செருப்பு வரிசை, ஜன்னல் என்று எடுக்கப் பழக்குங்கள். விற்பனையில் பணம் வந்தால் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்பதை அச்சுக்குப் போகும் முன்பே எழுதி வையுங்கள்.