லண்டன் வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் போய் இருக்கலாமா?

கேள்வி: நாங்கள் இருவரும் 80களின் கடைசியில் லண்டன் வந்தோம். எனக்கு 66 வயது. ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது. மனைவிக்கு 63. எனக்குச் சீனி வருத்தமும் முழங்கால் தேய்வும். குளிர் வந்தால் மனைவிக்குக் கைவிரல் மடக்க முடியாது. பிள்ளைகள் இருவரும் குடும்பமாகிவிட்டார்கள். ஹரோவில் உள்ள வீட்டுக்குக் கடன் இல்லை. அதை விற்றுவிட்டு, உடுவிலில் மனைவியின் சீதனக் காணியில் வீடு கட்டிக்கொண்டு மிச்சக் காலத்தை அங்கே கழிக்கலாம் என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: போகலாம். ஆனால் வீட்டை இப்போது விற்க வேண்டாம். போவதையும் விற்பதையும் ஒரே முடிவாக எடுக்கிறீர்கள். அவை இரண்டு முடிவுகள். இடையில் இரண்டு மூன்று வருடமாவது இருக்க வேண்டும்.

முதலில் ஓய்வூதியம். இதைத் தெரியாமலே பலர் விமானம் ஏறிவிடுகிறார்கள். பிரித்தானிய அரச ஓய்வூதியம் உலகில் எங்கிருந்தாலும் வரும், ஆனால் எல்லா இடத்திலும் வருடாவருடம் அதிகரிக்காது. ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா போன்ற சில இடங்களில் இருப்போருக்கு மட்டுமே ஆண்டுதோறும் கூட்டிக் கொடுக்கிறார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா, கனடா, அவுஸ்திரேலியாவும் இல்லை. நீங்கள் குடிபெயரும்போது வாங்கும் தொகை அப்படியே உறைந்துவிடும்.

இதைக் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். புதிய முறை தொடங்கிய 2016 ஏப்ரலில் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண். 2025 ஏப்ரலில் அது 230.25. முழுத் தொகையோடு 2016இல் யாழ்ப்பாணம் போனவர் இன்றும் 155.65தான் எடுக்கிறார். 2025 விகிதத்தோடு பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 3,880 பவுண் குறைவு. உங்களுக்கு 66 என்றால் இன்னும் இருபது வருடக் கணக்குப் போட வேண்டும். 86 வயதில், ஆள் உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில், கையில் வருவது இன்றைய தொகையாகவே இருக்கும்.

மனைவியின் கணக்கு வேறு. அவருக்கு ஓய்வூதிய வயது 67. அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம், முதன்முதலாகக் கொடுக்கும் நாளில் உள்ள தொகையில் அவருடையது உறையும். முழுத் தொகைக்கு 35 வருடத் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு வேண்டும், பத்துக்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. பிள்ளைகளை வளர்த்த வருடங்கள் அவருடைய கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று அரசாங்க இணையத்தளத்தில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நம் பெண்கள் பலருக்கு இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

ஓர் ஆறுதல்: இந்த உறைவு நிரந்தரமில்லை. திரும்பி வந்து குடியேறினால் அன்றைய முழு விகிதம் கிடைக்கும். பிள்ளைகளைப் பார்க்க வந்து நிற்கும் வாரங்களுக்கும் கூட்டிய தொகையைக் கேட்டு வாங்கலாம். திரும்பிப் போனதும் பழைய தொகைதான். அப்புறம், வெளிநாட்டில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய ஒரு படிவம் தபாலில் வரும். அதைச் சாட்சிக் கையொப்பத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் கொடுப்பனவை நிறுத்திவிடுவார்கள். ஒழுங்கைக்குள் தபால்காரருக்கு உங்கள் வீடு தெரிந்திருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமில்லை.

சரி, வைத்தியம். இதுதான் பெரிய விஷயம். என்எச்எஸ் என்ற அரச மருத்துவச் சேவையின் உரிமை கடவுச்சீட்டில் இல்லை, முப்பது வருடம் வரி கட்டியதிலும் இல்லை. நீங்கள் இங்கே வழமையாகக் குடியிருப்பதில் இருக்கிறது. நிரந்தரமாகப் போய்விட்டால் அந்த உரிமையும் போய்விடும். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த இடத்தில் நெஞ்சு வலி வந்தால் அவசரப் பிரிவில் பார்ப்பார்கள், அதற்குக் காசில்லை. ஆனால் வார்டில் அனுமதித்தால் வெளிநாட்டவர் கட்டணம், அதாவது வழக்கமான செலவின் 150 சதவீதம். ஆகவே, போனபின் லண்டனுக்கு வரும்போதும் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். எழுபது தாண்டிய சீனி வருத்தக்காரருக்கு அதன் விலை என்ன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே குடியிருக்கத் திரும்பி வந்தால் உரிமையும் அன்றே திரும்பிவிடும். அதற்கு வந்து இறங்க ஒரு வீடு வேண்டும். ஹரோ வீட்டை விற்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். போதனா வைத்தியசாலை இருக்கிறது, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. அரச வைத்தியசாலை இலங்கைக் குடிமக்களுக்கு இலவசம். சிக்கலான சத்திரசிகிச்சை என்றால் கொழும்புக்குப் போகச் சொல்லலாம். அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இங்கே கண்ணையும் பாதத்தையும் ஒழுங்காகச் சோதிக்கக் கூப்பிட்டுக் கடிதம் வரும். அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள், நீங்களேதான் நினைவு வைத்துப் போக வேண்டும். சீனிக்காரருக்கு இது பெரிய வித்தியாசம்.

மருந்துத் தட்டுப்பாட்டையும் மறந்துவிட முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. மருந்தும் எரிபொருளும் இல்லாமல் சனம் வரிசையில் நின்றது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் இல்லை. இன்சுலின் போடும் நிலைக்கு வந்தால், அதைக் குளிராக வைக்க மின்கலத்தோடு சூரியத் தகடு ஒன்று உங்களுக்குச் சமையலறையை விட முக்கியம்.

இனி வெயில். உங்கள் கேள்வியின் அடி அதுதான். வெப்பத்தில் மூட்டு இறுக்கம் தளரும், உண்மை. தேய்ந்த முழங்கால் தேய்ந்ததுதான், அது வளராது. ஆனாலும் விறைப்பில்லாமல் காலையில் எழும்பி, முற்றத்தில் நாலு சுற்று நடக்க முடிகிறது என்றால் அதன் பெறுமதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லண்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை வாசல் தாண்டாத முதியவர்களை எனக்குத் தெரியும்.

நம்மவர்கள் பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையிலோ ஆவணியில் நல்லூர்த் திருவிழாவிலோ ஊரைப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்கிறார்கள். திருவிழாவில் ஊரே நிறைந்திருக்கும், சோளகக் காற்றும் வீசும், எதுவும் அழகாகத்தான் தெரியும். சித்திரை, வைகாசியில் போய் இருந்து பாருங்கள். காற்று அசையாது, இரவிலும் வியர்க்கும். இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் குளிசை எடுப்பவருக்கு அந்த வெயிலில் உடலில் நீர் வற்றித் தலைசுற்றும். விழுந்தால் இடுப்பு எலும்பு. போகமுன் குளிசை அளவைப் பற்றி ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) கட்டாயம் கதையுங்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை இருந்து பாருங்கள். மழைக்குப் பின்னால் டெங்கு வரும். டிசம்பர், ஜனவரியில்தான் அங்கே அது கூடுதல். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சலிலும் ஆட்கள் செத்தார்கள். இந்த இரண்டு காலத்தையும் தாங்கிவிட்டீர்கள் என்றால் மிச்சத்தைப் பற்றிக் கவலையில்லை.

காணி. “சீதனக் காணி” என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதி யார் கையில் இருக்கிறது? வாயால் கொடுத்து, எழுதாமல் விட்ட சீதனம் நம்மிடையே நிறைய. மாமியார் பெயரிலேயே காணி இருந்து அவர் காலமாகிவிட்டால், அது மனைவியின் சகோதரங்கள் எல்லோருக்கும் பங்குள்ள காணி. கனடாவில் உள்ள மைத்துனரின் கையொப்பம் இல்லாமல் ஒரு கல் வைக்கக்கூடாது. உறுதி இருந்தால் அதை எடுத்து மேசையில் விரித்து அட்டவணையை வாசியுங்கள். எத்தனை பரப்பு, நாலு எல்லையும் யார், கிணற்றில் முழு உரிமையா பங்கா, வழிவாய்க்கால் உரிமை எழுதியிருக்கிறதா. எல்லையில் இருப்பதாக எழுதிய ஆள் செத்து நாற்பது வருடமாகியிருக்கும். வேலி நகர்ந்திருக்கும். பங்குக் கிணறு என்றால் வீட்டுப் படம் கீறுவதற்கு முன்பே பக்கத்து வீட்டாரோடு கதைத்து முடியுங்கள். நில அளவையாளர், பிறகு நொத்தாரிசு, பிறகுதான் மேசன். உடுவில் அடங்கும் வலிகாமத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடுதல். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கவும் வேண்டும்.

கட்டும் வேலையைப் பார்க்க உறவினருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுப்பதானால் கட்டட வேலைக்கும் அனுமதி எடுக்கவும் மட்டும் என்று வரையறுத்து எழுதுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் தரும் முழுத் தத்துவத்தில் யார் கேட்டாலும் கையெழுத்து வைக்காதீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டமான தேசவழமைப்படி கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியை விற்க முடியாது. இந்தக் காலத்தில் இது கோபம் வரவைக்கும் சட்டம்தான், ஆனாலும் அமுலில் இருக்கிறது.

பிரித்தானியக் குடியுரிமை எடுத்தபோது உங்கள் இலங்கைக் குடியுரிமை போயிருக்கும். ஏற்கனவே பெயரில் உள்ள காணிக்கு அதனால் பங்கமில்லை. புதிதாக வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. 55 தாண்டியவர் வயதைக் காட்டியே இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இதை இப்போதே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிரித்தானியக் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இழுபடுவது வழக்கம். தேர்தலில் நின்று பாராளுமன்றம் போகத்தான் முடியாது. மற்றபடி விசாத் தொல்லையும் வைத்தியசாலைக் கேள்வியும் ஒரேயடியாகத் தீரும்.

வீட்டை வாடகைக்கு விட்டுப் போனால், வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் என்ற வகையில் முகவர் 20 சதவீத வரியைப் பிடித்துக்கொள்வார்; முன்கூட்டியே வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியிடம் அனுமதி எடுத்தால் முழுதாக வாங்கி நீங்களே கணக்குக் காட்டலாம். பிரித்தானியக் குடிமக்கள் என்பதால் வரியில்லா வரம்பு உங்களுக்குத் தொடரும். பிற்காலத்தில் விற்றால், நீங்கள் குடியிராத வருடங்களின் இலாபப் பங்குக்கு மூலதன வரி வரும், கடைசி ஒன்பது மாதம் நீங்கலாக. விற்று 60 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இந்த வரிக்குப் பயந்து இப்போதே விற்பது எனக்குப் புத்தியாகப் படவில்லை. வீட்டை விற்ற காசோடு லண்டனுக்குத் திரும்பி வருபவரால் பெரும்பாலும் அதே தெருவில் வீடு வாங்க முடிவதில்லை.

பிள்ளைகள் விருப்பமில்லை என்றீர்கள். அவர்களின் பயம் நியாயமானது, ஆனால் அவர்கள் பார்க்காத பக்கமும் உண்டு. ஊரில் காசுக்கு ஆள் வைத்துப் பராமரிக்க முடியும், அதுவும் உங்கள் பாஷையில். முதுமறதி வந்தவர்களுக்குப் பின்னாளில் படித்த ஆங்கிலம் முதலில் கழன்றுபோவதுண்டு. பராமரிப்பு இல்லத்தில் தண்ணீர் கேட்கத் தெரியாமல் இருக்கும் தமிழ் அம்மாக்கள் இருக்கிறார்கள். இங்கே சேமிப்பும் சொத்தும் 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பராமரிப்புச் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ஒருவர் காலமான பிறகு மற்றவர் எங்கே இருப்பார்? உங்களோடு படித்தவர்கள் இன்று உடுவிலில் இல்லை, கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். பக்கத்து வளவு பூட்டிக் கிடக்கலாம். 78 வயதில் மனைவி தனியாக அந்த வீட்டில் இரவில் இருப்பாரா? அவரிடமே கேளுங்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மகள் கேட்டால் இன்னும் நல்லது. “போவோம்” என்று சொல்பவர் பல வீடுகளில் கணவர்தான். மனைவி பேரப்பிள்ளையை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்.

ஆகவே என் யோசனை இது. வருகிற ஜனவரி நடுவில் போய் மார்ச் கடைசியில் திரும்புங்கள். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. லண்டன் குளிரின் மோசமான பகுதியும் கழிந்துவிடும். மூன்று மாதத்துக்குள் நின்றால் ஜிபி பதிவு போகாது, அந்தக் காலத்துக்கான மருந்தையும் எழுதி வாங்கிப் போகலாம், ஓய்வூதியமும் வழமைபோல் கூடிவரும். வீட்டுக் காப்புறுதியில் ஆளில்லா வீட்டுக்கு 30 நாளா 60 நாளா என்று பாருங்கள், பிள்ளை ஒருவர் வந்து இரவு தங்கினால் நல்லது. பயணத்தைத் தொடங்கமுன் சுற்றுலா விசாவை நீடிக்க வேண்டியிருக்குமா என்றும் பாருங்கள். அடுத்த வருடம் சித்திரையையும் சேர்த்து இருங்கள், அதற்கடுத்த வருடம் மழைக்காலம். அதுவரை உடுவிலிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். கட்டுவதென்றால் மாடி வேண்டாம்: ஒரு படுக்கையறை, அதோடு ஒட்டிய குளியலறை, வாசலில் படிக்குப் பதில் சாய்தளம், கழிவறையில் கைபிடி. அந்த அளவு வீட்டுக்கு உங்கள் சேமிப்பே போதுமா என்று கணக்குப் பாருங்கள்; போதுமென்றால் ஹரோ வீட்டைத் தொட வேண்டிய தேவையே வராது.