1993 ஜீப் செரோக்கியைக் காயலான் கடைப் பாகங்களை வைத்தே மேம்படுத்த முடியுமா?

முடியும். 1993 மாடல், நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், ஃபோர் வீல் டிரைவ், கையில் ஆயிரம் டாலர்தான் இருக்கிறது, வார இறுதியில் மலைப்பாதையில் ஓட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டயர் செலவைத் தனியாக வைத்துவிட்டால், அந்த ஆயிரத்துக்குள் நிறையவே செய்யலாம்.

காரணம், உங்கள் வண்டியின் உடம்பு. அதே அடிப்படை வடிவத்தில் 1984 முதல் 2001 வரை ஒஹையோ மாநிலத்து டொலிடோவில் செய்து தள்ளினார்கள். 28 லட்சத்துக்கும் மேல். அதே காலத்தில் வந்த கிராண்ட் செரோக்கி, ராங்க்லர் இரண்டும் இதனுடைய நெருங்கிய உறவு. முன் அச்சு, ஸ்டியரிங், பிரேக் என்று பல இடங்களில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காரும். அதனால் தேடும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இதே வேலையைச் செய்யும் பாகத்தை, இதைவிடக் கனமான எந்த வண்டிக்கு கம்பெனிக்காரனே தடிமனாகச் செய்து போட்டிருக்கிறான்? அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவதுதான் இந்த வித்தையே. 'கிடைத்தது, மலிவு' என்று எதையாவது தூக்கிவந்து வெட்டி ஒட்டினால் காசும் போகும், வண்டியும் சாலைக்கு ஆகாது.

எங்கே போவது? கவுன்ட்டரில் ஆள் நின்று எடுத்துக் கொடுக்கும் கடை வேண்டாம். நுழைவுக்குச் சில டாலர் வாங்கிக்கொண்டு, சொந்தக் கருவியோடு உள்ளே விடும் காயலான் கடைகள் இருக்கின்றன. பிக்-என்-புல், புல்-எ-பார்ட் மாதிரி. அங்கே பெரும்பாலும் பாகத்தின் வகைக்குத்தான் விலை, எந்த வண்டியிலிருந்து கழற்றினீர்கள் என்பதற்கு இல்லை. சின்னக் காரின் பின் அச்சுக்கும் பெரிய எக்ஸ்ப்ளோரரின் பின் அச்சுக்கும் ஒரே விலை. பல கடைகள் எந்த வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று இணையத்திலேயே போடுகின்றன; பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கேஸ் கட்டிங் விடமாட்டார்கள். நான் இருக்கும் அரிசோனாவில் துரு என்பதே அபூர்வம். மிச்சிகன் பக்கம் இருந்தால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சண்டைதான், பனிக்காக உப்புக் கொட்டும் சாலைகளின் புண்ணியம்.

முதலில் பிரேக். பெரிய டயரையும் உயரத்தையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நிற்காத வண்டிக்கு உயரம் எதற்கு? 1994 வரை வந்த செரோக்கியில் பிரேக் பூஸ்டர், அதாவது கால் மிதிக்கும் அழுத்தத்தைப் பெருக்கும் டப்பா, ஒற்றை டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கொண்டது. மிதித்தால் மரக்கட்டையை மிதித்த மாதிரி இருக்கும். 1995, 96 மாடல்களில் இரட்டை டயாஃப்ரம் பூஸ்டர் வந்தது. அதை, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்துக் கழற்றி வாருங்கள். போல்ட் துளையில் கொஞ்சம் அராவல் வேலை இருக்கும், பிரேக் குழாய் முனைகளைப் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பூஸ்டரைப் பழையதாக வாங்கலாம். மாஸ்டர் சிலிண்டரை மாதிரிக்கு வைத்துக்கொண்டு புதிதாக வாங்கிப் போடுங்கள்.

அடுத்து ஸ்டியரிங். முன் சக்கரங்களை இணைத்துத் திருப்பும் டை ராட் உங்கள் வண்டியில் உள்ளே வெற்றுக் குழாய். ஒரு கல்லில் மோதினால் வளையும், வளைந்தால் முன் சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும். 1993 முதல் 98 வரை வந்த வி8 எஞ்சின் கிராண்ட் செரோக்கியில் அதே டை ராட் திட இரும்புக் கம்பி. நேராகப் பொருந்தும். ஆனால் இதைக் காயலான் கடையில் தேடி அலையாதீர்கள் என்றே சொல்வேன். முனையில் இருக்கும் பந்து மூட்டு தேயும் சாமான். புதியதே சகாய விலையில் கிடைக்கிறது. எந்த வண்டியின் பாகம் வேண்டும் என்ற விவரம்தான் இங்கே லாபம்.

இப்போது பின் அச்சு. இங்கேதான் காயலான் கடை தன் மதிப்பைக் காட்டும். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இருந்தால் பின்னால் இருப்பது டேனா 35 என்ற அச்சு என்றே வைத்துக்கொள்ளலாம். சாலைக்குப் பழுதில்லை, பெரிய டயர் மாட்டிப் பாறை ஏறினால் இந்த அச்சுதான் முதலில் உடையும். இரண்டு வழி இருக்கிறது.

எளிய வழி, 1997 முதல் வந்த செரோக்கியின் கிரைஸ்லர் 8.25 அச்சு. மூடியின் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் காணலாம். 1996 வரை இதன் அச்சுத் தண்டில் 27 பல், 1997 முதல் 29 பல், பிந்தைய தடித்த தண்டுதான் வேண்டும். உங்கள் வண்டியில் அப்படியே உட்காரும், வெல்டிங் கிடையாது. கிராண்ட் செரோக்கியின் பின் டிஸ்க் பிரேக்கையும் இதில் மாட்டலாம்.

கொஞ்சம் சிரமமான, ஆனால் நான் விரும்பும் வழி, 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அச்சு. டிஸ்க் பிரேக் அதிலேயே வரும், தண்டில் 31 பல், சக்கரத்தின் ஐந்து போல்ட் வட்டம் உங்கள் வண்டிக்கு இருக்கும் அதே 114.3 மில்லிமீட்டர், அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஃபோர்டுக்கும் ஜீப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இப்படிப் பொருந்துவது அதிர்ஷ்டம்தான். எக்ஸ்ப்ளோரரை அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2009-இல் பழைய வண்டியைக் கொடுத்தால் அரசு பணம் தரும் திட்டம் வந்தபோது, அதிகமாகத் திரும்பி வந்த வண்டியே ஃபோர் வீல் டிரைவ் எக்ஸ்ப்ளோரர்தான். எஞ்சினில் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டுக் கொன்றார்கள். ஆனால் பின் அச்சைத் தனிப் பாகமாக விற்கச் சட்டம் இடம் கொடுத்தது.

எந்த எக்ஸ்ப்ளோரர் என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆக்ஸில் கட்டத்தைப் பாருங்கள். டி4 என்றால் 3.73 விகிதம் (எஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட் அத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்), லிமிடெட் ஸ்லிப்போடு, அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் விசை போகும். டி2 என்றால் 4.10, அதுவும் லிமிடெட் ஸ்லிப். சீட்டு கிழிந்திருந்தால் அடியில் படுத்து, அச்சின் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் தொங்கும் சின்னத் தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெயும் மண்ணும் கட்டிப் பிடித்திருக்கும், முகத்தில் கொட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 3-க்கும் 73-க்கும் நடுவில் எல் எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப், இல்லாவிட்டால் சாதாரண டிஃபரென்ஷியல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக் செரோக்கியில் முன் அச்சு பெரும்பாலும் 3.55. பின்னால் 3.73 போட்டு முன்னால் 3.55 விட்டால், கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்ட நொடியே, முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இழுபடும். அதனால் 3.55 தகடு இருக்கும் எக்ஸ்ப்ளோரரைத் தேடுவதுதான் மலிவு. 4.10 வேண்டுமென்றால் நான்கு சிலிண்டர் மேனுவல் செரோக்கியிலிருந்து முன் அச்சையும் சேர்த்து எடுங்கள்.

கழற்றும்போது டிரைவ் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுக்கும் 12 மில்லிமீட்டர், பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டும். ஆறு முனை சாக்கெட் அந்தத் தலையில் உட்காரவே உட்காராது. அச்சின் விலை ஊரைப் பொறுத்து 150 முதல் 250 டாலர். வீட்டுக்கு வந்த பிறகு பழைய ஸ்பிரிங் இருக்கைகளை அறுத்தெடுத்துவிட்டு உங்கள் வண்டியின் அளவுக்குப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். நடு வார்ப்புக்குள் அழுத்திச் சொருகிய குழாய்கள் முறுக்கில் சுழலாமல் இருக்க அங்கேயும் வெல்டு பிடிக்க வேண்டும். வார்ப்பிரும்பில் வெல்டு வைப்பது எல்லோருக்கும் வராது. கை தேர்ந்த பட்டறையில் கொடுங்கள். கோணம் தப்பினால் டிரைவ் ஷாஃப்ட் அதிரும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் 8.25 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள், குறையே இல்லை.

உயரத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் வி8 கிராண்ட் செரோக்கியின் சுருள் ஸ்பிரிங், பின்னால் இன்னொரு செரோக்கியின் லீஃப் ஸ்பிரிங் கட்டிலிருந்து ஒரு பட்டை கூடுதல். ஓரிரு அங்குலம் கிடைக்கும், முப்பது அங்குல டயர் வரை போதும். கடையில் 'அப் கன்ட்ரி' வகை செரோக்கி கண்ணில் பட்டால் விடாதீர்கள். பெட்ரோல் டேங்க்குக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அடியில் காப்புத் தகடு, இழுவைக் கொக்கி எல்லாம் கம்பெனியே போட்டது, வெறும் போல்ட் வேலை. ராங்க்லரின் 15 அங்குல அலாய் சக்கரங்களும் அப்படியே ஏறும்.

பழையதாக எடுக்கவே கூடாதவை: பிரேக் ஹோஸ், பிரேக் பேட், பால் ஜாயின்ட், வீல் பேரிங், ஆயில் சீல், ரப்பர் புஷ் எதுவும். அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டும் அப்படித்தான், ஒருமுறை முறுக்கியது நீண்டுவிடும். டயரை மலிவு பார்க்க வேண்டாம். அச்சை மாட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். இரும்புத் துகள் மினுங்கினால், கடையின் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, எதைக் கழற்றினாலும் அதோடு வரும் நட்டு, போல்ட்டு, கிளிப், பிராக்கெட், ஹேண்ட் பிரேக் கேபிள் முனை வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதற்கெல்லாம் தனியாக யாரும் காசு கேட்பதில்லை. அதில் ஒரு போல்ட் குறைந்தால், ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது எந்தக் கடையிலும் அந்த அளவு இருக்காது.