வீல் ஆடுகிறதா? கையை வைத்துப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்

100 சி.சி. பைக். 45 கி.மீ. வேகத்தில் ஹேண்டில்பார் நடுங்குகிறது. மெக்கானிக் முன் ரிம்மையே மாற்றச் சொல்கிறார். கம்பி வீல்தான். கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுத்தால் போதாதா?
– வாசகர், தேனி

பெரும்பாலும் போதும். ஆனால் நடுக்கம் கோட்டத்தால்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் செங்கல் கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து, மேல் கையால் தள்ளி, கீழ்க் கையால் இழுங்கள். 'கடக்' என்று ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், ஆட்டம் தெரிந்தால் பேரிங். அடுத்து ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் தட்டினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங். இந்த இரண்டில் ஒன்று இருக்கும்போது கோட்டம் எடுத்துப் பயனில்லை.

மூன்றாவதாக டயர். ரிம் ஓரத்தையொட்டி டயர் பக்கவாட்டில் மெல்லிய வரி ஒன்று ஓடும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே பதுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்றடித்தால் பல நேரம் நடுக்கம் அதோடு போய்விடும்.

இனி கோட்டம். முதல் நாள் இரவே எல்லா நிப்பிள்களிலும் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டுகள்) துரு இளக்கும் ஆயில் விடுங்கள். துருப்பிடித்த நிப்பிளை வலுவில் திருப்பினால் நிப்பிள் சுற்றாது, கம்பி முறுக்கி உடையும். மறுநாள் சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். இறுகிய கம்பி 'டிங்' என்று மணியாகச் சொல்லும், தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். தளர்ந்தவற்றை மற்றவற்றின் சத்தத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிக் கோட்டம் மறைந்துவிடும்.

ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் நுனி ரிம் ஓரத்துக்கு 1 மி.மீ. தள்ளி நிற்குமாறு வெட்டுங்கள். டயரின் காற்றை இறக்கிவிட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, உரசும் இடத்தைச் சாக்பீசால் குறியுங்கள். முதலில் மேல்-கீழ் குதிப்பைச் சரிசெய்ய வேண்டும். ரிம் வெளியே புடைத்த இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்குங்கள். உள்ளே பதிந்த இடத்தில் இரண்டையும் தளர்த்துங்கள். பிறகு பக்கவாட்டு. ரிம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் ஹப்பின் இடப்பக்கம் போகும் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். முழுச் சுற்று திருப்பினால் கோட்டம் பக்கத்து இடத்துக்கு நகருமே தவிரத் தீராது.

இதில் பலர் இடறுவது திசையில். டயர் பக்கமிருந்து பார்த்தால் நிப்பிளைக் கடிகாரச் சுற்றாகத் திருப்பினால் இறுகும். நீங்கள் ஹப் பக்கமிருந்து பார்க்கிறீர்கள், அதனால் உங்கள் கண்ணுக்கு அது எதிர்ச்சுற்று.

இரு வாக்கிலும் அசைவு 2 மி.மீ.க்குள் வந்தால் நிறுத்திவிடலாம். அதன்பின் டயரைக் கழற்றிப் பாருங்கள். நிப்பிளைத் தாண்டி நீட்டும் கம்பி நுனியை அரத்தால் ராவி, ரிம் டேப்பைச் சரியாகப் போடுங்கள். இதை விட்டால் சில நாளில் டியூப் உள்பக்கமாகக் குத்துப்படும். ரிம் விளிம்பு குழியில் விழுந்து நெளிந்திருந்தாலோ, கம்பித் துளையருகே விரிசல் விட்டிருந்தாலோ, உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. மாற்றுங்கள்.

பின் வீல் பேரிங் இரண்டே மாதத்தில் மறுபடி போய்விட்டது. நல்ல கம்பெனி பேரிங்தான் போட்டேன்.
– வாசகர், பெருந்துறை

பேரிங்கைவிட, அதை மாட்டிய விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஆக்சிலைச் சுற்றி ஒரு குழாய் இருக்கும், ஸ்பேசர். கழற்றும்போது அது உருண்டு ஓரமாகக் கிடந்து மறந்துபோவது உண்டு. அது இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் உள்வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நசுங்கும். குண்டுகள் பக்கவாட்டு அழுத்தத்தில் ஓடிச் சூடேறித் தேயும்.

அடுத்த தவறு, உள்வளையத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றுவது. ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் போடும். வெளிவளையத்தின் அளவுக்கு ஒரு சாக்கெட் வைத்து அதன்மேல்தான் தட்ட வேண்டும். பழைய பேரிங்கை அண்டக்கொடுத்தும் தட்டலாம். புது பேரிங்கை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஹப்பைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டு ஏற்றினால் அடியே அதிகம் வேண்டியிருக்காது. முதல் பேரிங்கை ஹப்பின் படி வரை முழுதாக இறக்குங்கள். ஸ்பேசரை நுழையுங்கள். இரண்டாவதை அது ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள், அதற்குமேல் ஓரடியும் கூடாது. விரலால் சுற்றினால் இரண்டும் வழுவழுவென ஓட வேண்டும்.

பேரிங் எண் அதன்மேலேயே பொறித்திருக்கும். 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. எண்ணோடு 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபக்கமும் ரப்பர் மூடி உண்டு. நம் மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் அதையே கேட்டு வாங்குங்கள். ஹப்பில் இருக்கும் ஆயில் சீலையும் கூடவே மாற்றுங்கள். பழைய சீலுக்குப் பின்னால் புது பேரிங் போட்டால் தண்ணீர் அதே வழியில்தான் வரும்.

கம்பி வீலை டியூப்லெஸ் ஆக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

சாதாரணக் கம்பி ரிம்மில் ஒவ்வொரு நிப்பிளும் ஒரு துளை, காற்று நிற்காது. சிலிக்கோன் பூசி அடைக்கும் கைவைத்தியத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஓட்டத்தில் ஓரிடம் விட்டாலும் காற்று சட்டென இறங்கிவிடும்.

வீட்டிலேயே முன் வீலைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டினேன். மாட்டிய பிறகு மீட்டர் ஓடவில்லை. டிரம் பிரேக் வண்டி.
– வாசகர், அறந்தாங்கி

மீட்டர் கேபிளைச் சுழற்றும் பல்சக்கரத்தின் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்காரவில்லை. பிரேக் பிளேட்டை வைக்கும்போது சக்கரத்தை மெல்லத் திருப்பினால் அது விழுந்து உட்காருவது கைக்குத் தெரியும். உட்காராமல் ஆக்சிலை இறுக்கியிருந்தால் காதுகள் வளைந்திருக்கலாம், கழற்றிப் பாருங்கள்.

கழற்றும்போது இதைவிட முக்கியமான ஒன்றையும் பாருங்கள். ஃபோர்க்கின் உள்பக்கம் ஒரு கட்டை துருத்திக்கொண்டிருக்கும். பிரேக் பிளேட்டில் உள்ள பள்ளம் அதில் பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால், பிரேக் பிடித்ததும் பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளை இழுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் வரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.