அந்த 9 லட்சத்தில் உங்களுடைய பணம் எவ்வளவு?

கேள்வி: மதுரையில் ஒரு மருந்து கம்பெனியில் 11 வருடம் 7 மாதமாக மெடிக்கல் ரெப்பாக இருக்கிறேன். இரண்டு டிவிஷன்களை ஒன்றாக்குவதால் ஆள்குறைப்பு. ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால், மொத்தம் 9 லட்சம் தருவதாக எச்.ஆர். சொல்கிறார். பேசிக், டி.ஏ. சேர்த்து 39,000 ரூபாய். வீட்டுக்கடன் பாக்கி 14 லட்சம், மாதத் தவணை 19,500. வரும் பணத்தைக் கடனில் கட்டிவிடலாமா?

பதில்: கடன் காத்திருக்கும். அந்தக் கடிதத்தில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

9 லட்சத்தைப் பிரித்துக் கேளுங்கள், மெயிலில். கிராஜுவிட்டி (பணிக்கொடை) எப்படியும் உங்களுடையது: 39,000-ஐ மாதத்தின் வேலை நாள் கணக்கான 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் 22,500. ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 12 வருடக் கணக்கு, 2,70,000 ரூபாய். 11 வருடம் என்று போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கம்பெனியே வேலையை விட்டு எடுத்தால், ரெப்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீடும் சட்டப்படி உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம்; இதில் மாதத்துக்கு 30 நாள் கணக்கு என்பதால் 19,500, அதே 12 வருடத்துக்குக் குறைந்தது 2,34,000. ஒரு மாத நோட்டீஸ் தராமல் எடுத்தால் அதற்கான சம்பளம் 39,000. ஆக 5,43,000 உங்கள் உரிமை. மீதி 3,57,000-லும் லீவு சம்பளம் ஒளிந்திருக்கலாம். கம்பெனி மனமுவந்து தருவது அதற்கப்புறம் மிஞ்சுவதுதான். பேரம் பேச வேண்டியதும் அதைத்தான்.

ராஜினாமா என்று எழுதிவிட்டால் இழப்பீட்டுக்காகத் தொழிலாளர் அலுவலகம் போனாலும் வழக்கு நிற்பது கடினம். வரியும் கூடும்: ஆட்குறைப்பு இழப்பீட்டில் சட்டம் சொல்லும் தொகை வரை, 5 லட்சத்துக்கு மிகாமல், வரி இல்லை. அதே பணம் ராஜினாமாவுக்குப் பிறகு வந்தால் சம்பள வருமானம். ‘நிறுவன மறுசீரமைப்பால் பணிநீக்கம்’ என்ற வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசி நாளுக்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பேசி, குரூப் மெடிக்கல் பாலிசியைத் தனிநபர் பாலிசியாக மாற்றக் கேளுங்கள். இடைவெளி விழுந்தால், சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும். கம்பெனி தந்த டேப் (கையடக்கக் கணினி), மருந்து சாம்பிள்களை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். பாக்கி டூர் பில், இன்சென்டிவ் இரண்டையும் செட்டில்மென்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பி.எஃப்-ஐ எடுக்காதீர்கள்; அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது கடன். 9 லட்சத்தையும் கட்டினாலும் 5 லட்சம் பாக்கி நிற்கும்; வேலை கிடைக்க ஆறு மாதமானால், தவணைக்கே கையில் காசிருக்காது. ஒன்பது மாதத் தவணை 1,75,500-ஐயும் அதே காலத்துக்கான வீட்டுச் செலவையும் வங்கி எஃப்.டி.யில் போடுங்கள், ஒரே டெபாசிட்டாக இல்லாமல் மூன்று நான்காகப் பிரித்து. ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை (வட்டி அவ்வப்போது மாறும் கடன்) முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. புது வேலையில் முதல் சம்பளம் வந்தபின், மிஞ்சியதைக் கடனில் கட்டுங்கள்.